ஆஸ்பத்திரித் தெருவில் ஐந்து சென்ட் தோட்டம்: வேலூரில் தெருக்காரர்கள் சேர்ந்து காய்கறி போடுவது எப்படி

இடம் தேடுவதற்கு முன்னால் தண்ணீரைத் தேடுங்கள். எங்கள் ஊரில் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காலி மனை கண்ணில் படுகிறது, ஆசை வருகிறது, நாலு பேர் சேர்ந்து கொத்தி விதை தூவுகிறார்கள். கார்த்திகை வரை எல்லாம் பச்சைப் பசேலென்று இருக்கும். பங்குனி பிறந்ததும் யார் வீட்டுக் குழாயில் பைப் மாட்டுவது என்று பேச்சு வரும். அத்தோடு தோட்டம் முடிந்தது.

நான் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். அப்பாவுக்கு அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் கொஞ்சம் கொல்லை நிலம் இருந்தது. இப்போது குடியிருப்பு தோட்டப்பாளையத்தில், சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரம். எங்கள் தெருவில் பழைய ஓட்டு வீடு இடிந்து விழுந்த மனை ஒன்று, ஐந்து சென்ட், முள்ளும் குப்பையுமாகக் கிடந்தது. இப்போது அதில் 10 பாத்தி, ஒரு பந்தல், மூலையில் ஒரு முருங்கை இருக்கிறது. தெருக்காரர்களும், சிகிச்சைக்கு வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்களும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம். ஊர் நடுவில் இப்படி ஒன்று போட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விதை, உரம் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பூட்டு, சாவி, குடம், முறை பற்றிச் சொல்லத்தான் ஆள் இல்லை. அதனால் என் பேச்சு அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும்.

தண்ணீர்க் கணக்கு

4 அடி அகலம், 10 அடி நீளம் உள்ள பாத்திக்கு மே மாதத்தில் நாளைக்கு 2 குடம் வேண்டும். குடம் 15 லிட்டர் என்று வைத்தால் 10 பாத்திக்கு 300 லிட்டர். மழைக்காலத்தில் பல நாள் ஒரு சொட்டும் ஊற்ற வேண்டியிருக்காது. ஆனாலும் கணக்கை மே மாதத்துக்குத்தான் போட வேண்டும். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் மலை, அத்தனையும் பாறை. பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்கத் திருப்பிக் கொடுக்கும்.

வீட்டுக் குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். குடிக்கிற தண்ணீரை எடுத்துக் கத்தரிக்கு ஊற்றினால் தெருவில் நியாயமாகவே கேள்வி வரும். போர்வெல் உள்ள வீட்டுக்காரர் ஒருவரை முதல் நாளிலிருந்தே கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் அவர் மீட்டரில்தான் ஓடும். அதற்கு மாதம் இவ்வளவு என்று பேசி, 1-ம் தேதி கொடுத்துவிட வேண்டும். “பரவாயில்லண்ணே, அப்புறம் பாத்துக்கலாம்” என்று அவர் சொன்னாலும் கையில் வைத்துவிட்டு வாருங்கள். இலவசத் தண்ணீர் ஒரு கோடைக்கு மேல் வராது.

போர்த் தண்ணீர் உப்பா என்று பார்க்க வீட்டில் வெந்நீர் போடும் பாத்திரமே போதும். அடியில் வெள்ளையாகக் கெட்டியாகப் படிந்தால் உப்பு அதிகம். அந்தத் தண்ணீரில் பீன்ஸ் வேலைக்காகாது, கீரை வகைகள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பாத்தியின் மேல் மண்ணில் வெள்ளை பூத்திருந்தால் மழைநாளில் மூடாக்கை (மண்ணை மூடிப் பரப்பிய சருகு, சக்கையை) விலக்கிவிட்டு நன்றாக நனைய விடுங்கள், உப்பு கீழே இறங்கிவிடும்.

அதைவிட நல்ல வழி மழைத் தண்ணீர். மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமானபோது வைத்த குழாய்கள் பல வீடுகளில் இன்னும் சும்மா தொங்குகின்றன. சுமார் 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 4,500 லிட்டர் விழும். பக்கத்து வீட்டு மாடிக் குழாய் ஒன்றைத் திருப்பி நம் தொட்டிக்கு விட அவர் சம்மதித்தால் ஐப்பசி, கார்த்திகையில் போர் தேவைப்படாது. முதல் மழையின் தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள், மாடித் தூசியும் புறா எச்சமும் அதில்தான் வரும்.

1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி இரண்டு போதும். ஹாலோ பிளாக் அடுக்கி 4 அடி உயர மேடை கட்டி அதன்மேல் வைத்தால் மோட்டார் இல்லாமலே சொட்டுநீர்க் குழாய்க்குத் தண்ணீர் இறங்கும். மேடையின் பலத்தைக் கொத்தனாரிடம் காட்டிக் கேளுங்கள். தண்ணீர் நிறைந்த தொட்டி ஒரு டன் எடை. மூடி இறுக்கமாக இருக்கட்டும், காற்றுப் போகிற ஓட்டையில் கொசுவலைத் துணி கட்டுங்கள். மாநகராட்சியிலிருந்து டெங்கு கொசுப்புழு பார்க்க வருகிறவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது தோட்டத்தைத்தான், அதில் தப்பும் இல்லை.

யாருடைய இடம்

தனியார் மனை என்றால் உரிமையாளருக்கு ஒரே பயம்தான்: 12 வருஷம் அனுபவத்தில் வைத்திருந்துவிட்டு இடம் எங்களுடையது என்று சொல்லிவிடுவார்களோ? அந்தப் பயத்தை நீங்களே முதலில் எடுத்துப் பேசிவிடுங்கள். முத்திரைத் தாளில் எழுதுவது குத்தகை என்று இருக்கக் கூடாது. “இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை காய்கறி பயிரிட அனுமதி. வாடகை இல்லை, உரிமை எதுவும் கோர மாட்டோம், நிரந்தரக் கட்டடம் கட்ட மாட்டோம், கேட்டால் 3 மாத அவகாசத்தில் காலி செய்வோம்” என்று இருக்கட்டும். ஒரு வக்கீலிடம் காட்டிக்கொள்ளுங்கள். கையெழுத்து போடுவதற்கு முன் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று அரசு இணையதளத்தில் பாருங்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை நடக்கிற மனையில் கால் வைக்காதீர்கள்.

உரிமையாளருக்கு நம்மால் என்ன லாபம்? மாநகராட்சிக்கு அவர் கட்டும் காலிமனை வரியை நாம் ஏற்றுக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய லாபம், குப்பை கொட்டுகிறவர்களும் ராத்திரி பாட்டிலோடு உட்காருகிறவர்களும் போய்விடுவார்கள். எங்கள் மனைக்காரர் பெங்களூரில் இருக்கிறார். இடிந்த வீட்டின் படத்தையும் வேலி போட்ட பிறகு எடுத்த படத்தையும் அனுப்பியதும், வரியைத் தானே கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

பொது இடம் வேண்டுமென்றால் லேஅவுட் போடும்போது பூங்காவுக்காக ஒதுக்கிய இடங்களைப் பாருங்கள். சத்துவாச்சாரி, காந்தி நகர் போன்ற பகுதிகளில் கேட்டுப் பார்க்கலாம். வார்டு கவுன்சிலர் வழியாக ஆணையருக்கு மனு கொடுத்து, ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தெருக்காரர்கள் கையில் கொஞ்சம் துட்டு சேர்ந்தால் ‘நமக்கு நாமே’ திட்டத்தையும் கேட்கலாம். மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடுகிற திட்டம் அது. ஏரி, கால்வாய்ப் புறம்போக்கில் மட்டும் கை வைக்காதீர்கள். 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம்.

டூட்டி போடுவது

இதுதான் முக்கியமான பாகம். 12 முதல் 15 குடும்பம் சரியான அளவு. அதற்குக் கீழே போனால் ஆடி மாதம் ஊர்த் திருவிழாவுக்கு நாலு பேர் போனதும் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. மேலே போனால் யாருக்கும் பொறுப்பு இருக்காது.

பாத்திகளில் பாதியைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள், இரண்டு மூன்று குடும்பத்துக்கு ஒரு பாத்தி. மீதிப் பாதி பொது. எல்லாமே பொது என்றால் வேலைக்கு ஆள் வராது, அறுவடைக்கு மட்டும் வருவார்கள். எல்லாமே தனித்தனி என்றால் அவரவர் பாத்திக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார்கள், பந்தலும் உரக்குழியும் அநாதையாகிவிடும்.

டிப்போவில் டூட்டி சார்ட் எழுதுவதைப் போலவே எழுதி, கேட்டில் உள்பக்கம் மாட்டியிருக்கிறோம். காலை ஒரு ஆள், மாலை ஒரு ஆள், ஒரு ஸ்பேர். வர முடியாதவர் ஸ்பேரிடம் முந்தின நாளே சொல்ல வேண்டும். சொல்லாமல் ஒரு வாரம் காணாமல் போனால் பாத்தி அடுத்தவருக்கு. இந்த விதியை முதல் கூட்டத்திலேயே படித்து, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பின்னால் கொண்டுவந்தால் “என்னை மனசில் வைத்துத்தானே இந்தச் சட்டம்” என்பார்கள்.

சாவி இரண்டே இரண்டு. ஒன்று போர்வெல் வீட்டில், இன்னொன்று முனையில் இருக்கும் டீக்கடையில். டீக்கடை பாய் விடியற்காலையில் திறந்து ராத்திரி வரை இருக்கிறார், யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆளுக்கொரு சாவி செய்து கொடுத்தால் ஒரு மாதத்தில் பூட்டே தேவையில்லாமல் போய்விடும்.

பூப் பறிக்க வருகிறவர்களோடு சண்டை போட்டு ஜெயித்தவர் உலகத்தில் இல்லை. விடியற்காலையில் கையில் பையோடு வரும் பெரியம்மாக்களிடம் என்ன பேச முடியும்? வேலிக்கு வெளியே தெருவை ஒட்டி நந்தியாவட்டையும் செம்பருத்தியும் வைத்துவிடுங்கள். எட்டிப் பறித்துக்கொண்டு போவார்கள், உள்ளே கை நீளாது. கறிவேப்பிலையை மட்டும் உள்ளே, தொட்டி மேடைக்குப் பின்னால் வையுங்கள்.

லாட்ஜுக்காரர்கள்

எங்கள் பகுதியில் குடியிருப்பவர்களில் பாதிப் பேர் ஊர்க்காரர்கள் கிடையாது. வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கெங்கிருந்தோ சிகிச்சைக்கு வருகிறார்கள். நோயாளியோடு வந்தவர்கள் மாதக் கணக்கில் லாட்ஜில் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களுக்குப் பகலெல்லாம் காத்திருப்பதுதான் வேலை. நகர நடுவில் தோட்டம் போட்டுவிட்டு இவர்களை வெளியே நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. தனிப் பாத்தி கொடுக்க முடியாது, டிக்கெட் கிடைத்த அன்று கிளம்பிவிடுவார்கள். பொதுப் பாத்தியில் களை எடுக்க, கீரை அறுக்க, நாற்று நட எத்தனை பேர் வந்தாலும் வேலை இருக்கிறது. போகும்போது கொஞ்சம் கீரை கொடுத்தனுப்புகிறோம்.

வங்காளத்திலிருந்து மகனோடு வந்திருந்த ஒரு அம்மா பந்தல் பக்கம் நின்று பூசணிக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். “அங்கிள், இது?” என்று கொடியின் நுனியைக் காட்டினார். சரியென்று தலையாட்டினேன். இரண்டு இலையோடு ஒரு சாண் நீளத்துக்கு நுனியைக் கிள்ளினார். தண்டின் முனையை நகத்தால் கொத்திப் பிடித்து இழுத்தார், மேல்நார் நூல் மாதிரி முழு நீளத்துக்கும் உரிந்து வந்தது. கொடியைச் சுற்றிச் சுற்றி வந்து நாலு பிடி சேர்த்துக்கொண்டு போனார். மறுநாள் உருளைக்கிழங்கோடு சேர்த்துச் சமைத்ததை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார். கடுகெண்ணெய் வாசனை எனக்குப் பழக்கமில்லை, என் மனைவி வழித்துச் சாப்பிட்டாள். நுனி கிள்ளிய கொடியில் பக்கக் கிளை நிறைய வெடித்தது. இப்போது பந்தலில் ஒரு பக்கம் பூசணியும் வேலியோரம் கொடிப்பசலையும் அவர்களுக்காகவே விடுகிறோம். கடையில் கிடைக்காத சாமான் என்பதால் தேடி வருகிறார்கள்.

இரண்டு எச்சரிக்கை. லாட்ஜ்களிலிருந்து வரும் சமையல் கழிவில் மாத்திரை அட்டை, பஞ்சு, ஊசி எதுவும் கலந்து வரக் கூடாது. அதற்காக மூடி போட்ட தனி வாளி கொடுத்து, கொட்டுவதற்கு முன் ஒருவர் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அந்த வாளி முழுவதும் மாநகராட்சி வண்டிக்குப் போகட்டும். இன்னொன்று, எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிகள், புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்கிறவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் மண்ணிலும் உரக்குழியிலும் கை வைக்கக் கூடாது. நிழலில் உட்கார்ந்து பேசட்டும்.

மண்

இடிந்த வீட்டு மனையில் தோண்டினால் முதல் ஒன்றரை அடிக்குச் செங்கல் துண்டு, சுண்ணாம்புக் காரை, ஓடு, கண்ணாடிதான் வரும். அதைச் சலித்துப் பயிர் செய்கிறேன் என்று இறங்காதீர்கள், இடுப்பு போய்விடும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, அதுவும் கீரைக்கு ஆகாது. மட்டம் செய்து அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் பாத்தியை உயர்த்திக் கட்டுங்கள்.

நம் மாவட்டங்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு எல்லாம் தோல் தொழில் ஊர்கள். ‘நல்ல எரு, சும்மா கொடுக்கிறேன்’ என்று தோல் ஷாப்பு (தோல் பதனிடும் இடம்) கழிவை யாராவது வண்டியில் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். குரோமியம் போட்டுப் பதனிட்ட தோல் சீவலும் சகதியும் மண்ணில் சேர்ந்தால் எடுக்க முடியாது. பழைய தோல் ஷாப்பு, பேட்டரிக் கடை, மெக்கானிக் ஷெட் இருந்த மனை என்றால் அடியில் கெட்டியான பாலிதீன் விரித்து, பக்கவாட்டில் வடிகால் விட்டு, வெளியிலிருந்து வந்த மண்ணில் மட்டும் பயிர் வையுங்கள். வேளாண்மைத் துறையின் வழக்கமான மண் பரிசோதனையில் காரத்தன்மை, உப்பு, தழை மணி சாம்பல் சத்து தெரியும். கன உலோகம் அதில் வராது.

பாத்தியின் அகலம் 4 அடிக்கு மேல் போக வேண்டாம், இரண்டு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும். உயரம் ஒரு அடி. செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ சிமென்ட் பூசாமல் அடுக்குங்கள். பாத்திக்கு 40 கன அடி, 10 பாத்திக்கு 400. செம்மண் பாதி, மக்கிய எரு கால், தேங்காய் நார்க்கழிவு கால். லாரிக்காரர் பேசுகிற யூனிட் 100 கன அடி. ஆக 2 யூனிட் செம்மண் கணக்கு வரும். முதல் மழையில் மண் இறங்கும், கொஞ்சம் மேலேயே வாங்கிக் குவித்து வையுங்கள். நார்க்கழிவை இரண்டு மூன்று முறை அலசாமல் போடாதீர்கள், உப்பு இருக்கும்.

பாத்திக்கு அடியில் நாங்கள் போடுவது இளநீர் மட்டை. ஆஸ்பத்திரி வாசலில் இளநீர்க் கடைகளுக்குப் பஞ்சமில்லை, மட்டையை எடுத்துப்போக ஆள் வந்தால் கடைக்காரருக்குச் சந்தோஷம். இரண்டாகப் பிளந்து குழிந்த பக்கம் கீழே பார்க்கக் கவிழ்த்து அடுக்கி, அதன்மேல் மண் கொட்டுங்கள். கோடையில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். நிமிர்த்திப் போட்டு வெளியே விட்டால் ஒவ்வொன்றும் ஒரு கொசுத் தொட்டி.

மண் பரிசோதனைக்கு எடுக்கும்போது நாலைந்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு ‘வி’ போலக் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரு விரல் கனத்துக்குச் சீவுங்கள். எல்லாவற்றையும் கலந்து நாலாகப் பிரித்து, எதிரெதிர் பாகம் இரண்டைத் தள்ளிவிடுங்கள். அரை கிலோ மிஞ்சும் வரை இப்படியே. நிழலில் உலர்த்திக் கொடுக்க வேண்டும். விரிஞ்சிபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. சந்தேகம் கேட்கப் போனால் பதில் சொல்வார்கள்.

உரக்குழி

பஜார் பக்கத்தில் இருப்பதால் நமக்குள்ள பெரிய வசதி இது. நேதாஜி மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் இலையும் பூக்கழிவும் மலை மலையாக இருக்கும். கரும்பு ஜூஸ் வண்டியில் சக்கை, டீக்கடையில் தூள், தெருவில் வேப்பஞ்சருகு. பச்சைக் கழிவு ஒரு கூடைக்குக் காய்ந்தது இரண்டு கூடை என்று அடுக்குங்கள். நாற்றம் வந்தால் காய்ந்தது பற்றவில்லை. சூடு ஏறவில்லை என்றால் பச்சையோ ஈரமோ குறைவு. ஒரு பிடி எடுத்து முஷ்டியில் பிழிந்தால் விரல் இடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், ஒழுகக் கூடாது. 3 அடி உயரத்துக்குக் குவித்து வாரம் ஒரு முறை புரட்டினால் இரண்டு மாதத்தில் உரம். நடுவில் கடப்பாரையை நட்டு வைத்து, அரை மணி கழித்து உருவித் தொட்டால் கை பொறுக்காத சூடு இருக்க வேண்டும். அந்தச் சூட்டில்தான் களை விதையும் கிருமியும் சாகும்.

பிரியாணிக் கடைகள் நிறைந்த ஊர். எலும்பும் கறியும் குழிக்கு வரக் கூடாது, எலியும் நாயும் விடாது. விறகுச் சாம்பலும் கூடை கூடையாகக் கொடுப்பார்கள், வேண்டாம். நம் தண்ணீர் ஏற்கெனவே காரம், சாம்பல் அதை ஏற்றிவிடும். குழி முடியும் வரை காத்திருக்க முடியாதென்றால் குப்பையை மக்க வைத்து உரமாக்கும் மாநகராட்சியின் நுண்ணுர மையத்தில் கேட்கலாம். வாங்கியதைச் சலித்துப் போடுங்கள், கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் கண்ணில் படும்.

எப்போது, என்ன

ஆடிப் பட்டம்தான் தொடக்கம். அதற்கு வேலை தை, மாசியிலேயே இடம் பேசுவதில் ஆரம்பிக்க வேண்டும். வெண்டையை நேராக ஊன்றுங்கள், வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி. ஒரு பாத்தியில் 30 செடி நிற்கும். 45 நாளில் காய் தொடங்கினால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் முற்றிவிடும், வெண்டைப் பாத்தியை அடிக்கடி ஊருக்குப் போகிறவருக்குக் கொடுக்காதீர்கள். சிறுகீரை 25 நாள். விதையோடு பத்து மடங்கு மணல் கலந்து தூவினால் சீராக விழும். எறும்பு இழுத்துப் போகாமலிருக்கப் பாத்தி ஓரமாகக் கொஞ்சம் நொய் தூவுங்கள், அது அந்தப் பக்கம் போய்விடும். அவரை, சுரை, பீர்க்கன், பூசணி எல்லாம் பந்தலுக்கு. கார்த்திகை, மார்கழியில் ராத்திரி குளிரும்போது கொத்தமல்லி, முள்ளங்கி, தக்காளி. தையில் மறுபடி வெண்டை, கொத்தவரை.

கத்தரி என்றால் இலவம்பாடி முள்கத்தரி. அணைக்கட்டுப் பக்கத்துச் சொத்து அது, 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள இந்தக் காயில் வைத்ததைத் தின்றவனுக்கு வேறு காய் இறங்காது. இதில் நான் பாரபட்சமானவன்தான். ஒரு மாத நாற்றை இரண்டடிக்கு ஒன்றாக நட்டால் பாத்திக்கு 10 செடி. தண்டிலும் இலையிலும் காய்க் காம்பிலும் முள் இருக்கும், பிள்ளைகள் ஓடும் நடைபாதையை ஒட்டி வைக்காதீர்கள்.

கத்தரியின் முதல் எதிரி குருத்துப்புழு. செடி முழுதும் நிமிர்ந்து நிற்க, ஒரே ஒரு நுனி மட்டும் காலையிலேயே தலை தொங்கி நின்றால் சந்தேகப்படுங்கள். அந்த நுனியை வாடிய இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே கிள்ளி, நகத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே வெளிர் ரோஸ் நிறத்தில் புழு இருக்கும், தண்டு குடைந்து கருத்திருக்கும். கிள்ளியதை அங்கேயே போடக் கூடாது, சோப்புத் தண்ணீர் வாளியில் முக்குங்கள். வாரம் இரண்டு முறை ஒருவர் இதை மட்டும் செய்தால் மருந்தே தேவைப்படாது. மற்றப் பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல்: பருப்பை இடித்த தூள் 50 கிராம் ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறட்டும், வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைத்து மாலையில் தெளியுங்கள். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் தெருவெல்லாம் கிடக்கும், பிள்ளைகளை விட்டுப் பொறுக்கி உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். வெண்டை இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டால் மருந்து தேடாதீர்கள், அது வெள்ளை ஈ கொண்டுவரும் நோய். செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

சித்திரை, வைகாசியில் எல்லாப் பாத்தியிலும் பயிர் வைப்பது வீம்பு. நாலு பாத்தியில் கொத்தவரை, கொடிப்பசலை, புளிச்சகீரை, தண்டுக்கீரை போதும். அவற்றுக்கு மேலே பங்குனி நடுவிலேயே 50 சதவீத நிழல்வலை கட்டிவிடுங்கள், அக்னி நட்சத்திரம் வந்த பிறகு ஓடுவதில் பலனில்லை. செங்கல் சுவரின் வெளிப்பக்கம் சுண்ணாம்பு அடித்தால் ஓரத்து மண் வேகாது. மீதிப் பாத்திகளை உரம் போட்டு, நாலு விரல் கனத்துக்குக் கரும்புச் சக்கை, மல்லாட்டை (வேர்க்கடலை)த் தோல், சருகு மூடி ஓய்வில் விடுங்கள். வாரம் ஒரு முறை நனைத்தால் போதும், மண்புழு தங்கும்.

பங்கு

தனிப் பாத்தியில் வருவது அவரவருக்கு. பொதுப் பாத்தியில் வருவதை ஞாயிற்றுக்கிழமை காலை எல்லார் முன்னிலையிலும் அறுத்து எடை போடுகிறோம். வயதானவர்கள், தனியாக இருப்பவர்களுக்கு முதல் பங்கு. அப்புறம் அந்த வாரம் டூட்டி பார்த்தவர்களுக்கு. மிஞ்சியதைக் கேட்டிலேயே விற்கிறோம். விலை பேச்சு வந்தால் சண்டை வரும், அதனால் அன்று டோல்கேட் உழவர் சந்தைப் பலகையில் போட்டிருக்கும் விலைதான் எங்களுக்கும். ஏற்றமும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. வரும் பணம் தண்ணீர்க் கணக்குக்கும் விதைக்கும். வரவு செலவு நோட்டு டீக்கடையில் தொங்குகிறது, யார் வேண்டுமானாலும் புரட்டலாம். கணக்கு எழுதுகிறவரும் பணம் வைத்திருப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். முப்பது வருஷம் தோல் பையோடு வண்டியில் ஏறி இறங்கியவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலி ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஊர் நடுவில் மாடும் ஆடும் நம்மைவிடச் சுதந்திரமாகத் திரிகின்றன. 5 அடி உயரக் கம்பி வலை, அடியில் ஆட்டுக்குட்டி நுழையாமல் ஒரு வரிசை செங்கல். கேட் உள்பக்கம் திறக்கிற மாதிரி இருக்கட்டும். வெளிப்பக்கம் திறந்தால் தெருவில் நிற்கும் பைக்கில் இடிக்கும், அதற்கொரு பஞ்சாயத்து.

ஒருநாள் மனைக்காரர் கட்டடம் கட்ட வேண்டும் என்று போன் செய்வார். அது அவர் இடம். அதற்காகத்தான் செங்கல்லுக்குச் சிமென்ட் பூச வேண்டாம் என்றேன், தொட்டி மேடையும் அடுக்கியதுதான். எழுதிய 3 மாதத்தில் நிற்கிற பயிர் காய்த்து முடிந்துவிடும். மண்ணுக்கும் செங்கல்லுக்கும் லாரி வேண்டும், குழாய், வலை எல்லாம் டாடா ஏஸில் போய்விடும். முருங்கைக்கு மட்டும் இரண்டு மூன்று அடி நீளத்தில் போத்து (கிளைத் துண்டு) வெட்டி, நிழலில் இரண்டு நாள் வைத்து, அடுத்த இடத்தில் ஊன்றிக்கொள்ளுங்கள். அந்த அடுத்த இடத்தை இப்போதிருந்தே பார்த்து வைப்பது நல்லது. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மனை கண்ணில் இருக்கிறது, பக்கத்து வீட்டில் போர் இருக்கிறதா என்றுதான் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.